பல் வலிக்குப் பாலிசி தேடிய பெண்: குமரி மாவட்டத்திலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

யார், எதற்காக வந்தார்

இந்த நிகழ்வுக்கு உரியவர் 24 வயதுப் பெண். ஊர் திருவட்டாறு பக்கம். அப்பா ரப்பர் பால் வெட்டுபவர், மழை பிடித்துக்கொண்டால் வெட்டும் இல்லை, கூலியும் இல்லை. அம்மா வீட்டில் இருக்கிறார், தம்பி கல்லூரியில் படிக்கிறான். இவர் பி.காம் முடித்துவிட்டு நாகர்கோவிலில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறார். சம்பளம் 16,000. தினமும் தக்கலை வழியாகத்தான் பேருந்து. தக்கலையில் பொதுக் காப்பீட்டு முகவராக இருக்கும் என்னிடம் அவர் இறங்கி வந்ததும் அப்படித்தான்.

கேட்டது ஒரே கேள்வி: "பல்லுக்கு எந்த இன்சூரன்ஸ் எடுக்கலாம் அண்ணே?"

என் தொழிலுக்கு இது நல்ல கேள்வி. ஏதோ ஒரு பாலிசியை எடுத்து நீட்டியிருக்கலாம், அவரும் வாங்கியிருப்பார். இருபதுகளில் இருப்பவர்களிடமிருந்து இதே கேள்வி இப்போது அடிக்கடி வருகிறது. படிப்பு முடிகிற வரை பல்லைக் கவனிக்க நேரமில்லை, வேலைக்குச் சேர்ந்த பிறகு கவனிக்கப் பணமில்லை. வலி வந்ததும் முதலில் கையில் எடுப்பது செல்போன், முதலில் தேடுவது டென்டல் இன்சூரன்ஸ். அந்தத் தேடலில் எது கிடைக்கும், எது கிடைக்காது, கடைசியில் வேலை எப்படி முடிந்தது என்பதை விவரமாக எழுதி வைத்தால் அடுத்து வருபவருக்கு உதவும் என்று தோன்றியது. அவரிடம் கேட்டுக்கொண்டு எழுதுகிறேன், பெயர் வேண்டாம் என்றார்.

வாயின் நிலைமை

2024 கிறிஸ்துமஸ் சமயம். சொந்தக்காரர் வீட்டில் கொடுத்த முந்திரிக்கொத்தைக் கடித்தபோது கீழ் வலது கடவாய்ப் பல்லின் ஒரு பக்கச் சுவர் உடைந்து கையோடு வந்துவிட்டது. அந்தப் பல்லுக்குக் கல்லூரிக் காலத்திலேயே வேர் சிகிச்சை (ரூட் கெனால்) செய்திருந்தார்கள். அப்போது கேப், அதாவது பல்லின் மேல் மாட்டும் உறை, போடச் சொல்லியும் போடவில்லை. வேர் சிகிச்சை செய்த கடவாய்ப் பல் உள்ளே குடையப்பட்டுச் சுவர் மட்டும் நிற்கும். மேலே கேப் போட்டு அதை அணைத்துப் பிடிக்காவிட்டால் என்றாவது ஒருநாள் பிளக்கும். இவருடையது ஐந்து வருடம் தாங்கியது, அதுவே பெரிது.

உடைந்த பல்லைக் காட்டப் போன இடத்தில் முழு வாயையும் எக்ஸ்ரே எடுத்தார்கள். வலது பக்கத்தைக் காட்டப் போனவருக்கு இடது பக்கம்தான் அவசரம் என்று தெரிந்தது. பல் மருத்துவர்கள் வாயை நான்காகப் பிரித்து எண் போடுவார்கள்: கீழ் வலது முதல் கடவாய்ப் பல் 46, கீழ் இடது 36. இந்த 36இல் சொத்தை நரம்புவரை போய்விட்டது. வேர் சிகிச்சை, அதன் மேல் கேப். 46ஐ உள்ளே கட்டி நிரப்பி அதற்கும் ஒரு கேப். கீழ் வலது ஞானப்பல் சாய்ந்து பாதி ஈறுக்குள் கிடந்தது. சுற்றிலும் சோறு போய் அடைந்து மாதம் ஒருமுறை வீங்குகிறது, அதை அறுத்து எடுக்க வேண்டும். இன்னும் இரண்டு பல்லுக்குச் சொத்தையைச் சுரண்டி அடைப்பு (ஃபில்லிங்). எல்லாவற்றுக்கும் முன்னால் கிளீனிங்.

36, 46 இரண்டும் ஆறு வயதை ஒட்டி முளைக்கும் பல். பால்பல்லுக்குப் பின்னால் சத்தமில்லாமல் முளைப்பதால், விழுந்து முளைக்கப்போகிற பல்தானே என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். அது விழாது, நிரந்தரப் பல். வாயில் எல்லா நிரந்தரப் பற்களுக்கும் முந்தி வந்து, அதிக வருடம் இனிப்பில் ஊறுவதும் அதுதான். இருபதுகளில் வருகிறவர்களின் எக்ஸ்ரேயில் இந்தப் பற்கள் இப்படிக் கிடப்பதில் ஆச்சரியமில்லை.

தனியார் கிளினிக் எழுதிக் கொடுத்த தாளை அப்படியே தருகிறேன். வேர் சிகிச்சை 4,500. சிர்கோனியா என்ற உறுதியான பீங்கான் வகைக் கேப் இரண்டு, ஒன்று 9,000 வீதம் 18,000. உடைந்த பல்லைக் கட்டி நிரப்ப 2,000. ஞானப்பல் 6,000. அடைப்பு இரண்டுக்கும் 2,400. கிளீனிங் 1,000. எக்ஸ்ரே 600. ஆக 34,500. இரண்டு மாதச் சம்பளத்தைவிடக் கூடுதல். கிளினிக் ஏமாற்றவில்லை, இந்தப் பக்கத்தில் இப்படித்தான் கேட்கிறார்கள்.

அம்மா உடனே ஒரு வழி சொன்னார்: "வலிக்கிற பல்லை எடுத்துப் போட்டா சரியாயிடும்லா?" எடுப்பது மலிவுதான். ஆனால் கடவாய்ப் பல் போன இடத்தில் பக்கத்துப் பல் சாயும், எதிர்ப்பல் தேய்க்க ஆளில்லாமல் இறங்கி வரும். சில வருடம் கழித்து அங்கே பல் கட்டப் போனால் கேப்பின் விலையைப் போல மூன்று நான்கு மடங்கு ஆகும். இருபத்து நான்கு வயதில் இது மலிவான வழி இல்லை.

பாலிசிக்குள் பல் எங்கே இருக்கிறது

அவர் தன் செல்போனில் நான்கைந்து திட்டங்களைச் சேமித்து வைத்திருந்தார். எல்லாவற்றிலும் 'டென்டல் கவர்டு' என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியை நம்பித்தான் ஏமாறுகிறார்கள், அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

உதாரணத்துக்கு ஆரோக்ய சஞ்சீவனி. எல்லா நிறுவனங்களும் ஒரே வாசகத்தில் விற்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020 ஏப்ரலில் கொண்டுவந்த அடிப்படைப் பாலிசி. அதில், நோயாலோ காயத்தாலோ தேவைப்படும் பல் சிகிச்சைக்குச் செலவு உண்டு என்று எழுதியே இருக்கிறது. சொத்தையும் நோய்தானே? அப்படியானால் கிடைக்க வேண்டுமே என்றார். நியாயமான கேள்வி.

ஆனால் அந்த வரி மருத்துவமனையில் சேர்ந்தால் வரும் செலவு என்ற தலைப்புக்குக் கீழே வருகிறது. சேர்வது என்றால் குறைந்தது 24 மணி நேரம் உள்நோயாளியாக இருக்க வேண்டும். மருத்துவமனை என்பதற்கும் பாலிசி ஓர் அளவு வைத்திருக்கிறது: பத்து லட்சத்துக்குக் குறைவான மக்கள் தொகை உள்ள ஊரில் குறைந்தது 10 படுக்கை, இரவும் பகலும் நர்ஸ், முழுநேர மருத்துவர், அறுவை அரங்கு. நம் மாவட்டத்தில் எந்த ஊரானாலும் இந்த 10 படுக்கைக் கணக்குத்தான். ஒரு நாற்காலியும் ஒரு எக்ஸ்ரே கருவியும் உள்ள பல் கிளினிக், பாலிசியின் கண்ணுக்கு மருத்துவமனையே கிடையாது.

ஒரு நாள் சிகிச்சை என்று தனியாக ஒரு பிரிவு உண்டே, கண்புரைக்கு அப்படித்தானே தருகிறார்கள் என்று அடுத்த கேள்வி. அந்தப் பெண் நன்றாகப் படித்திருந்தார். அதற்கும் விளக்கம் பாலிசியிலேயே இருக்கிறது. முன்பு 24 மணி நேரத்துக்கு மேல் படுக்க வேண்டியிருந்து, தொழில்நுட்பம் வளர்ந்ததால் சீக்கிரம் முடிகிற சிகிச்சைதான் ஒரு நாள் சிகிச்சை. வழக்கமாக வெளிநோயாளியாகவே செய்துகொள்ளும் சிகிச்சை அதில் சேராது. வேர் சிகிச்சைக்குப் பொதுவாக யாரும் படுக்கையில் சேர்வதில்லை. மரத்துப்போக ஊசி போட்டு ஞானப்பல்லை எடுப்பதும் பெரும்பாலும் இங்கேதான் மாட்டிக்கொள்ளும்.

அப்படியானால் பல் தொடர்பாக இந்தப் பாலிசி எப்போது பணம் தரும்? பைக்கில் விழுந்து தாடை உடைந்து மருத்துவமனையில் சேர்ந்தால் தரும். இன்னொன்றும் உண்டு. கீழ்க் கடவாய்ப் பல்லின் சீழ் தாடைக்கு அடியில் பரவி, கழுத்து வீங்கி, நாக்கு மேலே தள்ளி மூச்சுப் பாதையையே நெருக்கும் ஒரு நிலை இருக்கிறது. லுட்விக் ஆஞ்சைனா என்பார்கள். உயிருக்கு ஆபத்தானது. உடனே சேர்த்து, ரத்தக்குழாயில் மருந்து ஏற்றி, கீறிச் சீழை வெளியே விட வேண்டும். அந்தச் செலவைக் காப்பீடு ஏற்கும்.

இதைச் சொன்னதும் அவர் சிரித்துவிட்டார். "அப்போ பல்லு செத்தா பணம் இல்ல, நான் சாகக் கிடந்தா பணம் உண்டு. அப்படித்தானே அண்ணே?"

அப்படித்தான். இந்தியாவில் மருத்துவக் காப்பீடு படுக்கையைச் சுற்றிக் கட்டப்பட்டது. 4,500 ரூபாயில் நிற்கிற நோய்க்கு அங்கே இடமில்லை, அதே நோய் முற்றி லட்சத்தைத் தொட்டால் இடம் உண்டு. இதைக் குறை சொல்ல எனக்கும் வாய் துறுதுறுக்கிறது. ஆனால் விற்பவர் பக்கம் நின்று பார்த்தால் காரணம் புரியும். வருமா வராதா என்று தெரியாத செலவுக்குத்தான் காப்பீடு. பல் செலவு பெரும்பாலும் தெரிந்த செலவு. கையில் எக்ஸ்ரேயோடு வருபவர்தான் பல் பாலிசி கேட்பார், நல்ல பல் உள்ளவர் கேட்கவே மாட்டார். வாங்குகிற எல்லாரும் அந்த வருடமே கோரிக்கை வைத்தால் நிறுவனம் பிரீமியத்தைச் செலவுக்குச் சமமாக வைக்க வேண்டும், அல்லது வரம்பைக் குறைக்க வேண்டும். இரண்டையும் செய்கிறார்கள்.

புறநோயாளி இணைப்பும் தள்ளுபடி அட்டையும்

படுக்கை வேண்டாத செலவுக்கென்று புறநோயாளி இணைப்பு விற்கிறார்கள். அவர் சேமித்து வைத்திருந்ததில் ஒன்றை எடுத்துக் கணக்குப் பார்த்தோம். அடிப்படைப் பாலிசிக்கு மேல் கூடுதல் பிரீமியம் 4,800. வருட வரம்பு 5,000, அதற்குள் பல்லுக்கு 2,500. அதுவும் குறிப்பிட்ட கிளினிக்குகளில் மட்டும். பட்டியலில் திருவனந்தபுரம் இருந்தது, திருநெல்வேலி இருந்தது, தக்கலையோ மார்த்தாண்டமோ இல்லை. 2,500 வாங்க 4,800 கட்டுவது எனக்கே சங்கடமாக இருந்தது. மற்ற மருத்துவச் செலவுக்கும் அந்த இணைப்பைப் பயன்படுத்துகிற பெரிய குடும்பத்துக்கு அது ஒருவேளை கட்டுப்படியாகலாம். இவருக்குக் கட்டாது.

பற்களுக்கென்றே தனித்திட்டமும் வராமல் இல்லை. 2023இல் பிஎன்பி மெட்லைஃப் அப்படி ஒன்றை அறிமுகப்படுத்தியது, சிகிச்சைக்கு இவ்வளவு என்று நிர்ணயித்த தொகை தரும் வகை. இந்த வகைத் திட்டம் எதுவானாலும் விளம்பரத்தை விட்டுவிட்டுத் தொகை அட்டவணையையும் காத்திருப்புக் காலத்தையும் முதலில் பாருங்கள். இவருடைய பிரச்சினை காத்திருக்கக் கூடியது இல்லை என்பதால் நாங்கள் அந்தப் பக்கம் போகவில்லை.

தள்ளுபடி அட்டை என்று ஒன்றும் சுற்றுகிறது. வருடம் இவ்வளவு கட்டினால் கிளீனிங் இலவசம், மற்றதில் இருபது சதவீதம் கழிவு என்பார்கள். அது காப்பீடு இல்லை, கிளினிக்கின் வியாபாரத் திட்டம். வாங்குவதில் தப்பில்லை. ஆனால் கழிவு எந்த விலையிலிருந்து என்று எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். 'பாலிசியை எடுத்துட்டு ரெண்டு மாசம் கழிச்சு பைக்ல விழுந்ததா எழுதிக்கலாம்' என்று யாரோ அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். விபத்து என்றால் மருத்துவமனைப் பதிவு கேட்பார்கள், எக்ஸ்ரே கேட்பார்கள். சொத்தையையும் அடிபட்டதையும் பல் மருத்துவர் பார்த்த உடனே பிரித்துச் சொல்லிவிடுவார். பிடிபட்டால் கோரிக்கையோடு பாலிசியும் போகும். ஐந்து வருடம் தொடர்ந்து கட்டிய பாலிசியை பழைய தகவலைக் காட்டி மறுக்கக் கூடாது என்று 2024இல் வந்த விதியும் மோசடியைக் காப்பாற்றாது.

அமெரிக்காவில் எல்லாம் உண்டே

அமெரிக்காவில் இருக்கும் ஒரு மாமா முறை, அங்கே எல்லாருக்கும் டென்டல் இன்சூரன்ஸ் உண்டு என்று சொல்லியிருந்தார். எல்லாருக்கும் இல்லை, பலருக்கு உண்டு. அதன் வடிவத்தையும் தெரிந்துகொள்வது நல்லது. அங்கே பல திட்டங்களில் 100, 80, 50 என்று ஓர் அடுக்கு: பரிசோதனைக்கும் கிளீனிங்குக்கும் முழுவதும், அடைப்பு போன்றவற்றுக்கு 80 சதவீதம், கேப் போன்ற பெரிய வேலைக்குப் பாதி. வருடத்துக்கு மொத்தம் பெரும்பாலும் 1,000 முதல் 2,000 டாலர் வரைதான் தருவார்கள். பெரிய வேலைக்கு ஆறு மாதமோ ஒரு வருடமோ காத்திருக்கச் சொல்லும் திட்டங்கள் ஏராளம். 26 வயதுவரை பெற்றோரின் மருத்துவக் காப்பீட்டில் இருக்கலாம் என்ற சட்டம் இருந்தாலும், பெரியவர்களின் பல் சிகிச்சை அந்தச் சட்டத்தின் கட்டாயப் பலன்களில் இல்லை. வேலை கிடைத்ததும் பல்லைப் பார்த்துக்கொள்ளலாம் என்று அங்கேயும் இளைஞர்கள் தள்ளிப் போடுவது இதனால்தான்.

நம் ஊரில் பெற்றோர் பாலிசியில் தொடர்வதற்கும் வரம்பு உண்டு. ஆரோக்ய சஞ்சீவனியில் பிள்ளைகள் 25 வயதுவரைதான். 18 தாண்டிச் சொந்தமாகச் சம்பாதிக்கத் தொடங்கினால் அடுத்த புதுப்பித்தலில் அதற்கு முன்பே வெளியே வர வேண்டும். இவர் வீட்டில் அப்படி ஒரு பாலிசியே இல்லாததால் அந்தக் கேள்வி எழவில்லை.

இருந்தது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை. குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை பெரிய சிகிச்சைகளுக்கு உதவும் அட்டை, பல குடும்பங்களைக் காப்பாற்றியிருக்கிறது. அடைப்பும் வேர் சிகிச்சையும் கேப்பும் அதில் வராது. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000க்குள் இருக்க வேண்டும் என்பது விதி. இவர் சம்பளம் மட்டுமே 1,92,000 ஆகிறது, அந்த அட்டையை நம்பி இருக்க முடியாது என்று அப்பாவிடம் சொல்லச் சொன்னேன்.

சம்பளச் சீட்டில் கிடந்த 120 ரூபாய்

வருமானக் கணக்குக்காகச் சம்பளச் சீட்டைக் கேட்டேன். அதில்தான் திருப்பம். பிடித்தங்களில் 'இஎஸ்ஐ 120' என்று ஒரு வரி. 16,000க்கு 0.75 சதவீதம், சரியாக 120. நிறுவனம் தன் பங்காக 3.25 சதவீதம், அதாவது 520 ரூபாய் சேர்த்துக் கட்டுகிறது. மாதம் 640 ரூபாய் அவர் பெயரில் காப்பீட்டுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. கணக்குப் பிரிவில் இருப்பவர், மற்றவர்களுக்கும் அந்தப் பிடித்தத்தை அவரே பதிவு செய்கிறவர், ஆனால் தனக்கு அது ஒரு மருத்துவக் காப்பீடு என்று நினைத்துப் பார்க்கவில்லை. பிஎஃப் மாதிரி ஏதோ ஒரு பிடித்தம் என்று விட்டிருந்தார்.

மாதச் சம்பளம் 21,000க்குள் இருக்கும் தொழிலாளருக்கான அரசுக் காப்பீடு இது. மற்ற பாலிசிகளிலிருந்து இது வேறுபடுவது இரண்டு விஷயத்தில். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்து மருத்துவ உதவி உண்டு, ஏற்கெனவே இருந்த நோய் என்று தள்ளுவதில்லை. புறநோயாளிச் சிகிச்சையும் இதற்குள் அடக்கம், படுக்கையில் சேர வேண்டும் என்ற பேச்சே இல்லை. குடும்பத்துக்கும் சேரும். சொத்தைப் பல்லோடு வேலைக்குச் சேர்கிற ஓர் இளைஞருக்கு இந்த நாட்டில் இதைவிடப் பொருத்தமான காப்பீடு காகிதத்தில் இல்லை.

காகிதத்தில் என்று அழுத்திச் சொல்கிறேன். பத்து இலக்கக் காப்பீட்டு எண்ணை நிறுவனத்தில் கேட்டு வாங்கி, இ-பெஹ்சான் என்ற இஎஸ்ஐ அடையாள அட்டையை அச்செடுத்து, அவருக்கு ஒதுக்கப்பட்டிருந்த இஎஸ்ஐ மருந்தகத்துக்குப் போனார். பல்லுக்கான நாற்காலி அங்கே இல்லை. மருத்துவர் பார்த்தார், வீக்கத்துக்கும் வலிக்கும் மருந்து கொடுத்தார், மேல் மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதினார். அங்கே போய்வர ஒரு முழு நாள், வேர் சிகிச்சைக்குப் பல முறை போக வேண்டும், கேப் அவர்கள் தருவார்களா என்பதை அங்கே போய்த்தான் கேட்க வேண்டும். அவர் அந்த வழியை விட்டுவிட்டார். விட்டது சரியா என்று எனக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை. குறைந்தபட்சம் ஞானப்பல்லுக்காவது போயிருக்கலாம் என்று நினைக்கிறேன். ஆனால் தினக்கணக்கில் விடுப்பு எடுத்தால் சம்பளம் போகும் என்பது அவர் கவலை. நோய்க்கால உதவித்தொகையாகச் சம்பளத்தில் 70 சதவீதம் தரும் பிரிவும் இஎஸ்ஐயில் உண்டுதான், ஆனால் முதல் இரண்டு நாளுக்கு அது கிடைக்காது. ஒருநாள் ஒருநாளாக எடுக்கும் விடுப்புக்கு அதனால் பயனில்லை.

முன் அனுமதி இல்லாமல் தனியாரில் செய்துவிட்டுப் பில்லை நீட்டலாமா என்று அவர் கேட்டார். அவசர நிலை தவிர மற்றதற்கு அதை நம்ப வேண்டாம் என்றேன்.

வேலை எப்படி முடிந்தது

காப்பீட்டை ஓரமாக வைத்துவிட்டு அந்த 34,500 தாளை மறுபடி எடுத்தோம். எதை முதலில் செய்ய வேண்டும், எதைத் தள்ளலாம், எதை வேறு இடத்தில் செய்யலாம். இதற்கு முகவர் தேவையில்லை. பல் மருத்துவரிடமே கேட்டால் சொல்வார், கேட்பதற்குத்தான் கூச்சப்படுகிறார்கள். அவரைத் திரும்ப அந்தக் கிளினிக்குக்கே அனுப்பி, ஒரே நேரத்தில் முடியாது, வரிசைப்படுத்தித் தாருங்கள் என்று கேட்கச் சொன்னேன். அந்த டாக்டர் முகம் சுளிக்காமல் எழுதிக் கொடுத்தார்: முதலில் 36இன் வேர் சிகிச்சை, வீக்கம் அடங்கியதும் ஞானப்பல், இடையில் 46ஐக் கட்டி நிரப்பித் தற்காலிகமாக விடலாம், அடைப்பும் கிளீனிங்கும் எப்போது வேண்டுமானாலும். கேப் சிர்கோனியாதான் போட வேண்டும் என்பதில்லை, பின்பல் என்பதால் உலோகத்தின் மேல் பீங்கான் பூசியதே போதும் என்றும் அவரே சொன்னார். தாளில் பாதிச் செலவு அந்த ஒரு சொல்லில்தான் இருந்தது.

நம் மாவட்டத்தில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது, ஊர்க்காரர்களே மறந்துவிடுகிறார்கள். குலசேகரத்தில் ஸ்ரீ மூகாம்பிகை பல் மருத்துவக் கல்லூரி. ஆரல்வாய்மொழி தாண்டினால் காவல்கிணற்றில் ஒரு பல் மருத்துவக் கல்லூரி. மேற்கே திருவனந்தபுரத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரி. கல்லூரி என்றால் மாணவர்கள்தான் செய்வார்கள், பேராசிரியர் மேற்பார்வை பார்ப்பார். ஒவ்வொரு கட்டத்திலும் அவர் வந்து பார்த்துக் கையெழுத்திடும்வரை வாயைத் திறந்துகொண்டு காத்திருக்க வேண்டும். கிளினிக்கில் இரண்டு முறையில் முடிவது அங்கே நான்கைந்து முறை ஆகலாம். அதற்குப் பதிலாகக் கட்டணம் குறைவு. வேர் சிகிச்சையைப் பட்டமேற்படிப்பு மாணவர் செய்வாரா என்று பதிவு செய்யும் இடத்திலேயே கேட்டுக்கொண்டால் நல்லது.

அவர் இந்தக் கல்லூரிகளில் ஒன்றில் 36இன் வேர் சிகிச்சையை முடித்தார்: 1,500. அதற்கு உலோகப் பீங்கான் கேப் 2,500. ஞானப்பல் அங்கேயே வாய் அறுவைப் பிரிவில் 2,000. அடைப்பு இரண்டையும் கிளீனிங்கையும் அரசு மருத்துவமனைப் பல் பிரிவில் காசில்லாமல் செய்துகொண்டார். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மட்டுமல்ல, மற்ற அரசு மருத்துவமனைகளிலும் பல் மருத்துவர் உண்டா, எந்த நாள் வருவார் என்று விசாரித்துவிட்டுக் காலையில் போனால் போதும். உடைந்த 46ஐ மட்டும் முதலில் பார்த்த தனியார் டாக்டரிடமே செய்தார். பழைய வேர் சிகிச்சை செய்த பல், பிளவு இருக்கலாம், ஒரே கை பார்ப்பது நல்லது என்று நினைத்தார். நிரப்ப 2,000, கேப் 4,500. எக்ஸ்ரே 600 முதலிலேயே கொடுத்தது. மொத்தம் 13,100.

போன விடுப்புக்கு ஏறத்தாழ 3,000 சம்பளம் போயிற்று, அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பஸ் செலவு குறைவு, சாதாரணக் கட்டண அரசு நகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் இல்லை.

பணம் எப்படிப் புரட்டினார்? கையிருப்பு 6,000. மீதிக்கு அம்மா தன் கம்மலை அடகு வைக்கச் சொன்னார். வேண்டாம் என்று நிறுவனத்தில் சம்பள முன்பணம் கேட்டு வாங்கிக்கொண்டார். ஆனால் அடகு ஒன்றும் கெட்ட யோசனை இல்லை. பன்னிரண்டு சதவீத வட்டிக்கு 15,000 வாங்கி மாதாமாதம் அடைத்தால் ஒரு வருடத்தில் வட்டி ஆயிரம் ரூபாய்க்குள் நிற்கும். அந்தப் புறநோயாளி இணைப்பு 4,800 வாங்கிக்கொண்டு 2,500 தருகிறது, அதாவது 2,300 கைநட்டம். வெறும் எண்ணாகப் பார்த்தால், தெரிந்த பல் செலவுக்குச் சின்னக் கடன் பாலிசியைவிட மலிவு. என் கமிஷனுக்கு விரோதமான கணக்கு, ஆனாலும் கணக்கு கணக்குத்தான்.

கிளினிக்குகள் தரும் வட்டியில்லாத் தவணைக்கும் இதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். செயலாக்கக் கட்டணம் எவ்வளவு, ஒரு தவணை தவறினால் என்ன என்பதை மட்டும் முதலில் கேளுங்கள்.

இன்னும் நிலுவையில் இருப்பவை

2025 கடைசியில் அவர் மறுபடி வந்தார். இந்த முறை பல்லுக்காக இல்லை. 5 லட்சத்துக்கு ஒரு சாதாரண மருத்துவக் காப்பீடு எடுத்துக் கொடுத்தேன், புறநோயாளி இணைப்பு சேர்க்காமல். செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி நீக்கப்பட்டதால் முன்பு பார்த்த விலையைவிடக் குறைந்திருந்தது. சம்பளம் கூடி 21,000 தாண்டினால் இஎஸ்ஐ நிற்கும், அப்போது கையில் ஏதாவது இருக்க வேண்டும் என்பதுதான் காரணம். முன்மொழிவுப் படிவத்தில் பல் சிகிச்சைகளையும் மறைக்காமல் எழுதினோம். பாலிசி கையில் கிடைத்த பிறகு 30 நாளுக்குள் பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம் என்பதால், பல் பற்றிய பக்கங்களை அவரே படித்து அடிக்கோடிட்டு எடுத்துவந்தார்.

46ஆம் பல் இன்னும் சந்தேகத்தில்தான் இருக்கிறது. பிளவு வேர்வரை போயிருந்தால் கேப் போட்டும் பயனில்லாமல் எடுக்க வேண்டியிருக்கும், ஆறு மாதத்துக்கு ஒரு எக்ஸ்ரே என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தம்பிக்கும் 36இல் கறுப்புப் புள்ளி தெரிகிறதாம். இருபது வயது, இப்போது போனால் அரசு மருத்துவமனையில் ஓர் அடைப்போடு முடியும். பரீட்சை முடியட்டும் என்கிறான்.